ஆட்டோவைத் தெரியாத மாடலும் நிலையாக நிற்காத முகவரியும்

கோகோ என்று ஒரு படத் தொகுப்பு இருக்கிறது. 2014-ல் வெளிவந்தது. படத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் மாடல்களைப் பழக்கவும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு மார்க் போடவும் ஆய்வாளர்கள் அதிகம் எடுப்பது இதைத்தான். அதில் 80 வகைப் பொருட்கள் உண்டு. பனிச்சறுக்குப் பலகை இருக்கிறது. ஃப்ரிஸ்பீ இருக்கிறது. பேஸ்பால் மட்டை, ஹாட் டாக், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருக்கின்றன. ஆட்டோ இல்லை. செம்மறி ஆடு உண்டு, வெள்ளாடு கிடையாது.

இதை மட்டும் படித்த ஒரு மாடலிடம் ஆட்டோ ஸ்டாண்ட் படத்தைக் கொடுத்தால் என்ன சொல்லும்? கார் என்று சொல்லலாம், லாரி என்று சொல்லலாம், எதுவும் சொல்லாமல் தாண்டிப் போகவும் செய்யலாம். "என்னவோ ஒரு வண்டி, எனக்குப் பெயர் தெரியவில்லை" என்று சொல்ல மட்டும் அதற்கு வழி இல்லை. ஏனென்றால் மாடலின் கடைசி அடுக்கில் வெளியே வருவது 80 எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு வகைக்கான மதிப்பெண். பட்டியலில் இல்லாத பொருளுக்கு என்று எண்பத்தொன்றாவது இடம் அங்கே கிடையாது.

கிளவுட் பக்கம் போனால் இதே வியாதி வேறு உருவத்தில் இருக்கிறது. ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேச வேண்டும் என்றால் அதன் ஐபி முகவரி தெரிய வேண்டும். அந்த எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் வேலை நடக்கும், அந்தப் புரோகிராம் அதே இடத்தில் இருக்கும் வரை. கிளவுடில் புரோகிராம்களைத் தனித்தனியாகக் கட்டி ஓட்டும் கண்டெய்னர்கள் அப்படி இருப்பதில்லை. காலையில் ஒரு மெஷினில் ஓடும், மதியம் வேறு மெஷினில் வேறு முகவரியோடு ஓடும்.

பொருள் கண்டறிதல், கண்டெய்னர் நெட்வொர்க் என்ற இந்த இரண்டு துறை ஆய்வாளர்களும் ஒருவரையொருவர் அதிகம் பார்த்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு பேரும் கடந்த பத்து வருடங்களில் கிட்டத்தட்ட ஒரே வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். எண்ணைக் கொண்டு அடையாளம் சொல்வதை விட்டு, விவரத்தைக் கொண்டு அடையாளம் சொல்வதற்கு மாறியிருக்கிறார்கள். இரண்டையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெட்டி போடும் வேலை

"இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் அது வகைப்படுத்தல். "என்ன, எங்கே, எத்தனை?" என்று கேட்டால் அது கண்டறிதல். கண்டறியும் மாடல் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று சமாச்சாரங்களைத் தரும்: பொருளைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி, அதற்கு ஒரு பெயர், எவ்வளவு நிச்சயம் என்று 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு மதிப்பு.

பெட்டி சரியா தவறா என்று எப்படிச் சொல்வது? மனிதர் போட்ட பெட்டியையும் மாடல் போட்ட பெட்டியையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் பொதுவான பரப்பை இரண்டும் சேர்ந்த மொத்தப் பரப்பால் வகுப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது எவ்வளவு கறாரானது என்று புரியும். நீளமும் அகலமும் 100 பிக்சல் கொண்ட ஒரு பெட்டி. மாடல் அதே அளவில்தான் போட்டிருக்கிறது, ஆனால் 20 பிக்சல் வலப்பக்கம் தள்ளிப் போட்டுவிட்டது. பொதுப் பரப்பு 80 பெருக்கல் 100, அதாவது 8,000. மொத்தப் பரப்பு 12,000. விடை 0.67. கண்ணுக்கு நன்றாகவே தெரிகிற பெட்டிதான். 0.5 தாண்டினால் போதும் என்று வைத்தால் பாஸ், 0.75 வேண்டும் என்றால் ஃபெயில். கோகோவில் 0.5-லிருந்து 0.95 வரை பல கோடுகளை வைத்துச் சராசரி எடுக்கிறார்கள். அதனால்தான் அங்கே 50 மதிப்பெண் வாங்கினாலே நல்ல மாடல் என்கிறார்கள். பரீட்சை மார்க் மாதிரி இதைப் படிக்கக் கூடாது.

வேகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014-ல் ராஸ் கிர்ஷிக்கும் அவரது குழுவினரும் கொண்டுவந்த ஆர்-சிஎன்என் முறை, ஒரு படத்தில் சுமார் 2,000 இடங்களைச் சந்தேகப்பட்டு வெட்டியெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நியூரல் நெட்வொர்க்குக்குள் அனுப்பியது. பெரிய நெட்வொர்க் என்றால் ஒரு படத்துக்கு 47 விநாடி ஆனது. அடுத்த ஓரிரு வருடங்களில் ஜோசஃப் ரெட்மனின் யோலோ வந்தது. முழுப் படத்தையும் ஒரே தடவை பார்த்து எல்லாப் பெட்டிகளையும் சேர்த்துச் சொல்லிவிடும். விநாடிக்கு 45 படம். (ரெட்மன் 2020-ல், ராணுவப் பயன்பாடும் தனியுரிமைக் கவலையும் பொறுக்காமல் இந்த ஆராய்ச்சியையே நிறுத்திக்கொண்டார். இந்தத் துறையில் நுழைகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.) ஆக, வேகம் என்பது பெருமளவு தீர்ந்த பிரச்சினை. தீராமல் நின்றது வேறு: பழகாத இடத்துக்குப் போனால் மாடல் தடுமாறுகிறது.

ஊர் மாறினால்

தடுமாற்றம் இரண்டு வகை. பொருள் அதேதான், பார்வைக்கு மாறிவிட்டது என்பது ஒன்று. பொருளே புதிது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வகைக்கு சிட்டிஸ்கேப்ஸ் நல்ல உதாரணம். ஜெர்மனியிலும் அதை ஒட்டிய சில இடங்களிலுமாக 50 நகரங்களின் தெருக்களில், காரில் கேமரா வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள். அந்தப் படங்களின் மேல், ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கை வைத்து, செயற்கையாக மூடுபனி ஏற்றி இன்னொரு தொகுப்பும் செய்தார்கள். தெரு அதே, கார் அதே, ஆள் அதே. பனி மட்டும்தான் புதிது. வெயிலில் பழகிய மாடல் அங்கே சட்டென்று மட்டமாகிவிடுகிறது. தூரத்து ஆட்களை அடியோடு தவறவிடுகிறது.

பனிப் படங்களுக்கும் ஆள் வைத்துப் பெட்டி போட்டு மறுபடி பழக்கலாம்தான். ஆனால் பனிக்கு ஒரு தடவை, மழைக்கு ஒரு தடவை, இரவுக்கு ஒரு தடவை என்று யார் உட்கார்ந்து பெட்டி போடுவது? 2018-ல் சூரிக்கிலுள்ள ஈடிஹெச் ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மாடலுக்குள் படம் எண்களாக மாறிய பிறகு, அந்த எண்களைப் பார்த்து "இது வெயில் படமா, பனிப் படமா" என்று ஊகிக்கும் சின்னப் பகுதி ஒன்றை ஒட்டினார்கள். அந்தப் பகுதி சரியாக ஊகிக்கப் பழகும். அதே சமயம் முக்கிய மாடல், அதைத் தோற்கடிக்கப் பழகும். அதாவது எது வெயில் எது பனி என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி எண்களை உண்டாக்கக் கற்றுக்கொள்ளும். பனியின் தடம் அந்த எண்களிலிருந்து மெல்ல மெல்லத் தேய்கிறது. பனிப் படங்களில் ஒரு பெட்டிகூட யாரும் போட வேண்டியதில்லை. படங்கள் மட்டும் இருந்தால் போதும். இந்தச் சண்டையை நடத்தி வைக்கும் கணிதம் எளிமையானது: ஊகிக்கும் பகுதியிலிருந்து திரும்பி வரும் திருத்தத்தின் குறியைக் கூட்டலிலிருந்து கழித்தலாக மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, மாடலே தனக்குத் தானே பாடம் எடுப்பது. பழகிய மாடலைப் பனிப் படங்களில் ஓட்டி, மிக உறுதியாகச் சொல்லும் பெட்டிகளை மட்டும் எடுத்து, அவற்றையே சரியான விடையாக வைத்து மாணவ மாடலைப் பழக்குவது. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஆசிரியர் ஒரு தூணை ஆள் என்று உறுதியாக நம்பிவிட்டால் மாணவரும் அதையே கற்று, தப்பு இறுகிவிடும். எனக்குக் கேட்டால், மனிதர் சரிபார்த்த சில நூறு படங்களாவது கையில் இல்லாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

ஊரே மாறும்போது பனி மட்டுமா மாறுகிறது? 2018-ல் ஹைதராபாத் ஐஐஐடி வெளியிட்ட இந்திய ஓட்டுநர் தொகுப்பைப் பார்த்தால் தெரியும். ஹைதராபாத், பெங்களூரு, அவற்றின் புறப்பகுதிச் சாலைகளில் எடுத்த 10,000 படங்கள், 34 வகைகள். ஆட்டோ ரிக்‌ஷாவுக்குத் தனி இடம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, சாலையை ஒட்டிய, ஆனால் வண்டி ஓட்டக்கூடிய இடத்துக்கு ஒரு தனி வகை வைத்தது. தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஓரத்தில் நம் ஊரில் பாதிப் போக்குவரத்து நடக்கிறது. ஜெர்மன் நகரத் தெருக்களைப் பார்த்துப் பட்டியல் போட்டவர்களுக்கு அது தோன்ற வழியில்லை.

பட்டியலைத் தூக்கிப் போடுவது

சரி, இரண்டாவது வகை. புதுப் பொருள். பழைய வழி, ஆட்டோ படங்களைச் சேர்த்து மாடலை மறுபடி பழக்குவது. அதில் ஒரு வில்லங்கம்: புதிதாக ஆட்டோவைக் கற்கும்போது பழைய காரையும் சைக்கிளையும் மறக்க ஆரம்பிக்கும். 2020-ல் ஒரு குழு, மற்ற அடுக்குகளைத் தொடாமல் உறைய வைத்துவிட்டு, கடைசி அடுக்கை மட்டும் ஒரு சில உதாரணங்களோடு திருத்தினால் பெரிய சிக்கலான முறைகளையே மிஞ்சலாம் என்று காட்டியது. சின்ன வேலைகளுக்கு இன்றும் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

ஆனால் அடிப்படையே மாறியது 2021-ல். ஓபன்ஏஐ வெளியிட்ட கிளிப் என்ற மாடலுக்குள் இரண்டு பகுதிகள். ஒன்று படத்தை எண் வரிசையாக்கும், இன்னொன்று வாக்கியத்தை எண் வரிசையாக்கும். இணையத்திலிருந்து எடுத்த 40 கோடி படம்-வாக்கிய ஜோடிகளைக் காட்டி, பொருந்தும் ஜோடியின் எண் வரிசைகள் நெருங்கி வரும்படியும், பொருந்தாதவை விலகும்படியும் பழக்கினார்கள். முடிவில் நாய்ப் படமும் "நாய் படம்" என்ற வாக்கியமும் அந்த எண் வெளியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இதைக் கண்டறிதலுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடைசி அடுக்கில் இருந்த 80 இடங்களைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பதில், ஒவ்வொரு பெட்டிக்கும் மாடல் ஓர் எண் வரிசை தரும். நாம் கேட்கும் வார்த்தைகளை வாக்கியப் பகுதி எண் வரிசைகளாக்கும். எந்தப் பெட்டி எந்த வார்த்தைக்கு நெருக்கம் என்று பார்த்தால் முடிந்தது. பட்டியல் இப்போது மாடலுக்குள் இல்லை. கேள்வியோடு சேர்ந்து வருகிறது. கூகுள் ஆய்வாளர்களின் வில்டு என்ற வேலை, 866 வகைகளில் மட்டும் பெட்டி காட்டிப் பழக்கி, பழக்காத 337 அரிய வகைகளில் சோதித்தது. 2023-ல் வந்த கிரவுண்டிங் டைனோ, கோகோவின் ஒரு படத்தைக்கூடப் பழக்கத்துக்கு எடுக்காமல் கோகோ தேர்வில் 52.5 வாங்கியது. மேலே சொன்ன கறார் கணக்கை நினைவில் வைத்துப் படித்தால் இந்த எண்ணின் கனம் தெரியும்.

இதில் மயங்கவும் கூடாது. "ஹெல்மெட் போடாத ஆள்" என்று கேட்டால், போட்டவரையும் சேர்த்துக் காட்டும். "போடாத" என்பதை விட "ஹெல்மெட்", "ஆள்" என்ற இரண்டும்தான் அதன் காதில் விழுகின்றன. இல்லாத பொருளைக் கேட்டாலும் ஏதோ ஒரு மூலையில் மங்கலாக ஒரு பெட்டி போடப் பார்க்கும். எத்தனை மதிப்புக்கு மேல் நம்புவது என்ற கோட்டை ஒவ்வொரு வார்த்தைக்கும் நாமே சோதித்து வைக்க வேண்டும். கேட்பதும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். இந்த மாடல்களின் வாக்கியப் பகுதி பெரும்பாலும் ஆங்கிலம் படித்தது, தமிழில் மாட்டு வண்டி என்று எழுதினால் கிட்டத்தட்ட சத்தம் மாதிரிதான் கேட்கும்.

கண்டெய்னருக்குள் ஒரு நெட்வொர்க்

மாடல் தயார். இதை ஆயிரம் கேமராக்களுக்கு ஓட்ட வேண்டும் என்றால் ஒரு மெஷின் போதாது. அங்கேதான் கண்டெய்னர் வருகிறது.

கண்டெய்னரைக் குட்டி கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்வது தொடக்கத்தில் உதவும், பிறகு குழப்பும். உண்மையில் அது லினக்ஸில் ஓடும் சாதாரண புரோகிராம்தான். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதற்குத் தனிப் பார்வையைக் கொடுத்திருக்கும்: தனிக் கோப்புகள், தனி புரோகிராம் பட்டியல், தனி நெட்வொர்க். இந்த வசதிகள் லினக்ஸில் முன்பே இருந்தன. 2013-ல் டாக்கர் என்ற மென்பொருள் வந்து எல்லோரும் கையாளும்படி கட்டிக் கொடுத்தது.

தனி நெட்வொர்க் என்றால், அந்தப் புரோகிராம் பார்க்கும் நெட்வொர்க் கார்டு, ரூட் அட்டவணை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்), போர்ட் எண்கள் (ஒரே முகவரியில் எந்தப் புரோகிராமுக்கு என்று பிரிக்கும் எண்கள்) எல்லாம் அதற்கே உரியவை. வெளியே பேச வழி வேண்டுமே? கர்னல், கேபிளின் இரு முனைகளைப் போல ஒட்டிப் பிறந்த இரண்டு மெய்நிகர் கார்டுகளை உண்டாக்கும். ஒரு முனை கண்டெய்னருக்குள், மறு முனை வெளியே, இந்தக் கார்டுகளை எல்லாம் இணைக்கும் ஒரு மென்பொருள் பிரிட்ஜில். டாக்கரில் எதையும் மாற்றாமல் விட்டால், பிரிட்ஜின் முகவரி வழக்கமாக 172.17.0.1, முதல் கண்டெய்னருக்கு 172.17.0.2. நெட்வொர்க்கில் தரவு பாக்கெட் என்ற துண்டுகளாகத்தான் போகும்; வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் முகவரியை மெஷினின் முகவரியாக மாற்றி அனுப்புவார்கள்.

ஒரு மெஷினில் இது அருமை. இரண்டாவது மெஷின் வந்தவுடன் இடிக்கிறது. அங்கேயும் ஒரு 172.17.0.2 இருக்கும்! முகவரி மாற்றும் வித்தையையும் போர்ட் எண்களையும் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் எந்த போர்ட் யாருக்கு என்று கணக்கு வைத்தே ஆயுள் போய்விடும். பல மெஷின்களில் கண்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்க 2014-ல் கூகுள் வெளியிட்ட மென்பொருளான குபர்நெட்டீஸ் இதற்கு ஒரே போடாக ஒரு விதி வைத்தது. பாட் என்று அது அழைக்கும் ஒவ்வொரு கண்டெய்னர் தொகுதிக்கும் கிளஸ்டர் என்ற மெஷின் கூட்டம் முழுக்கத் தனி ஐபி. எந்த பாடும் எந்த பாடோடும் முகவரி மாற்றமில்லாமல் பேச முடிய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், விதியை மட்டும் சொன்னது, செய்து காட்டவில்லை. அதைச் செய்ய பிளானல், காலிகோ, சிலியம் என்று தனித் தனி பிளகின்கள்.

அவை இரண்டு பாதைகளில் ஒன்றில் போகின்றன. முதல் பாதை நேரடி ரூட்டிங்: "இந்த முகவரிக் கூட்டம் இந்த மெஷினில் இருக்கிறது" என்று ரூட்டர்கள் பேசும் பிஜிபி மொழியிலேயே எல்லோருக்கும் அறிவிப்பது. காலிகோவால் இது முடியும். கீழே இருக்கும் நெட்வொர்க் நம் கட்டுப்பாட்டில் இருந்தால் இதுவே சுத்தமான வழி. கட்டுப்பாட்டில் இல்லையென்றால் இரண்டாவது பாதை: பாட் அனுப்பும் பாக்கெட்டை அப்படியே எடுத்து, மெஷின் முகவரிகள் எழுதிய இன்னொரு கவருக்குள் போட்டு அனுப்புவது. நடுவில் இருக்கும் ரூட்டர்களுக்கு வெளிக் கவர் மட்டும்தான் தெரியும். அதிகம் புழங்கும் முறையின் பெயர் விஎக்ஸ்லான்.

வெளிக் கவருக்கும் எடை உண்டு: 50 பைட். வழக்கமான நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1,500 பைட், ஆக உள்ளே இருப்பது 1,450-ஐத் தாண்டக் கூடாது. பல ராத்திரிகளின் தூக்கத்தைக் கெடுத்த எண் இது. எப்படி என்று பாருங்கள். கூகுள் கிளவுடில் இயல்பான உச்ச அளவு 1,500 இல்லை, 1,460. யாரோ 1,500 என்று நினைத்துக்கொண்டு பாட்களுக்கு 1,450 என்று வைத்துவிட்டார்கள். 1,450-உம் 50-உம் சேர்ந்து 1,500. வழியில் அது நுழையாது, விழுந்துவிடும். "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்ற அறிவிப்பு திரும்பி வர வேண்டும். அதை வழியில் ஏதாவது ஃபயர்வால் தடுத்துவிட்டால் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. இப்போது வெளியே என்ன தெரியும்? பிங் போகும். இணைப்பு ஏற்படும். "நலமா" என்று கேட்கும் சின்னக் கோரிக்கைக்குப் பதில் வரும். படத்தை அனுப்பினால் மட்டும் அப்படியே நின்றுவிடும். எல்லோரும் மாடல் குழுவைத் திட்டுவார்கள். சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் முதலில் இந்த அளவைப் பாருங்கள்.

லேபிளை வைத்துக் கூப்பிடுவது

பாட் செத்து, பதிலுக்கு இன்னொன்று வந்தால் ஐபி மாறிவிடும். அதனால் குபர்நெட்டீஸில் யாரையும் ஐபியை வைத்துக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு பாடின் மேலும் "வேலை: கண்டறிதல்", "பதிப்பு: 2" என்று லேபிள்கள் இருக்கும். சர்வீஸ் என்று ஒன்றை உண்டாக்கி, "கண்டறிதல் என்ற லேபிள் உள்ள எல்லோரும்" என்று சொல்லிவிட்டால், அதற்கு ஒரு நிலையான பெயரும் ஒரு மெய்நிகர் ஐபியும் கிடைக்கும். அந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டிலும் உட்கார்ந்திருக்காது. ஒவ்வொரு மெஷினின் கர்னலிலும் எழுதிய விதிகள்தான் அதை உண்மையான பாட் ஐபியாக மாற்றுகின்றன. மூன்று பாட் இருந்தால், முதல் விதி மூன்றில் ஒரு வாய்ப்பில் முதல் பாடைத் தேர்ந்தெடுக்கும். தப்பினால் இரண்டாவது விதி இரண்டில் ஒரு வாய்ப்பில். அதிலும் தப்பினால் மிச்சம் மூன்றாவதற்கு. சீட்டுக் குலுக்கல்தான், ஆனால் சமமாக விழுகிறது.

ஐபிடேபிள்ஸ் என்ற இந்த விதி முறையில் சர்வீஸ்கள் ஆயிரக்கணக்கில் ஆகும்போது, விதிகளை வரிசையாகத் தேடுவதும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப்பிப்பதும் சுமையாகிவிடும். அதற்கு மாற்றாக வந்தவற்றில் இன்று அதிகம் பேசப்படுவது ஈபிபிஎஃப். கர்னலைத் திருத்திக் கட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்குள்ளேயே சோதித்துப் பார்த்த சின்ன நிரல்களை ஏற்றும் வசதி. சிலியம் இதன் மேல் கட்டப்பட்டது. வரிசைத் தேடலுக்குப் பதில் அட்டவணையில் நேரடித் தேடல். யார் யாரோடு பேசலாம் என்ற பாதுகாப்பு விதிகளையும் லேபிளிலிருந்து உண்டாக்கிய அடையாள எண்ணை வைத்தே அது சரிபார்க்கிறது. ஐபி மாறினாலும் விதி மாறாது.

கவருக்குள் கவர் போடும் செலவைக் குறைப்பதிலும் ஆராய்ச்சி நடக்கிறது. 2019-ல் வந்த ஸ்லிம் என்ற ஆய்வு சுட்டியது இதைத்தான்: கவருக்குள் கவர் போடும் மேலடுக்கு நெட்வொர்க்கில் ஒவ்வொரு பாக்கெட்டும் கர்னலின் நெட்வொர்க் அடுக்குகளை இரண்டு தடவை கடக்கிறது, உள் கவருக்கு ஒன்று, வெளிக் கவருக்கு ஒன்று. ஸ்லிம் இணைப்பு தொடங்கும்போதே தலையிட்டு, கண்டெய்னருக்குத் தன் ஐபியோடு பேசுவதாகவே தோன்ற வைத்து, அடியில் மெஷினின் நேரடி இணைப்பைக் கொடுத்துவிடும். மாற்றம் இணைப்புக்கு ஒரு முறைதான், பாக்கெட்டுக்கு ஒரு முறை இல்லை. நினைவகத்தில் ஓடும் ஒரு தரவுச் சேவையில் வேலை அளவு 71 சதவீதம் கூடி, தாமதம் 42 சதவீதம் குறைந்தது.

இரண்டும் சந்திக்கும் இடம்

1,920-க்கு 1,080 பிக்சல் உள்ள ஒரு வண்ணப் படம், சுருக்காமல், 62 லட்சம் பைட்டுக்கு மேல். 1,450 பைட்டாக நறுக்கினால் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாக்கெட்டுகள். ஒரே ஒரு படத்துக்கு. மாடல் உள்ளே அதை 640 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கப் போகிறது என்றால், கேமரா பக்கத்திலேயே சுருக்கி, ஜேபெக் ஆக்கி அனுப்புவது எந்த நெட்வொர்க் ஆராய்ச்சியையும் விட அதிகம் மிச்சப்படுத்தும். தூரத்துச் சின்னப் பொருட்கள் தேவை என்றால் மட்டும் பெரிய படம்.

அடுத்தது ஜிஆர்பிசி விரிக்கும் கண்ணி. மாடல் சேவைகள் அதிகம் பயன்படுத்தும் தொடர்பு முறை இது. ஒரு இணைப்பைத் திறந்து, அதிலேயே எல்லாக் கோரிக்கைகளையும் அனுப்பும். மேலே சொன்ன சீட்டுக் குலுக்கலோ இணைப்புக்கு ஒரு முறைதான் நடக்கும். விளைவு, ஒரு பாடின் ஜிபியு, அதாவது மாடலை ஓட்டும் சில்லு, மூச்சுத் திணறும். கூட்டம் அதிகம் என்று புதிதாகக் கொண்டுவந்த பாட்கள் சும்மா உட்கார்ந்து வாடகை மட்டும் தின்னும். கோரிக்கை அளவில் பிரித்துக் கொடுக்கும் பிராக்ஸி (இடைத்தரகர் புரோகிராம்) ஒன்றை நடுவில் வைப்பது, அல்லது அனுப்புகிறவரே எல்லா பாட் முகவரிகளையும் வாங்கிச் சுழற்சியில் அனுப்புவது, இரண்டில் ஒன்று வேண்டும்.

வேகத்துக்காகப் பழைய நிலைக்கே திரும்பும் ஆசையும் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2024-ல் வந்த யோலோ-வேர்ல்டு, வார்த்தைகளின் எண் வரிசைகளை முன்கூட்டியே கணக்கிட்டு மாடலுக்குள் புதைத்துவிடலாம் என்கிறது. வேகம் பிரமாதம். ஆனால் புதைத்த பிறகு பட்டியல் மறுபடி மூடிவிட்டது. புது வார்த்தைக்கு மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டும். நெட்வொர்க் பக்கம், பாடுக்குத் தனி நெட்வொர்க் வேண்டாம், மெஷினின் நெட்வொர்க்கையே கொடு என்று ஒரு வரியில் சொல்லலாம். கவர் செலவே இல்லை. ஆனால் ஒரே மெஷினில் இரண்டு பாட் ஒரே போர்ட்டைக் கேட்க முடியாது. விட்டு வந்த போர்ட் கணக்கு திரும்பி வந்துவிடும். டோல்கேட்டில் எப்போதும் அதே ஆறு வகை வண்டிகள்தான் என்றால் புதைத்துவிடலாம், தப்பில்லை. வாடிக்கையாளர் தினமும் புதுப் பொருள் கேட்பார் என்றால் திறந்தே வையுங்கள், வேகத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

கடைசியாக, லேபிள் முறை கொடுக்கும் ஒரு வசதி. இரண்டாம் பதிப்பு மாடலில் ஒரு பாட் மட்டும் தூண்களை ஆள் என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உடனே கொன்றால் காரணம் தெரியாமலே போய்விடும். கொல்ல வேண்டாம், அதன் மேலிருக்கும் "கண்டறிதல்" லேபிளை மட்டும் வேறாக மாற்றுங்கள். சர்வீஸ் அதைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிடும், புதுக் கோரிக்கைகள் அதற்குப் போகாது. எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து குபர்நெட்டீஸ் தானாகவே மாற்று பாட் ஒன்றைக் கொண்டுவரும். சந்தேகத்துக்குரியது அதே நினைவகத்தோடு, அதே மாடலோடு ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். தவறாகச் சொன்ன படங்களை நேராக அதன் ஐபிக்கே அனுப்பி, ஒவ்வொரு பெட்டியாக நிதானமாகப் பார்க்கலாம்.